ஞ-வின் வால்

போனை மேசையில் வைத்து
"அச்சு அசலா இதே மாதிரி வேணும் தம்பி" என்றார்
கல்லலிலிருந்து வந்த குழந்தைவேலு.
மகள் தெய்வானைக்குக் காதணி விழா. பத்துக்கு எட்டு.
தாய்மாமன்கள் மூன்று பேர்,
ஒருவர் சிங்கப்பூர்; அவர் முகம் கொஞ்சம் பெரிதாக.

இதே மாதிரி.
காரைக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஃப்ளெக்ஸ் இயந்திரம் போய்ப் போய் வரும் சத்தத்தில்
ஆறு வருடமாக இந்த இரண்டு சொல்லைத்தான்
அச்சடித்துக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரியில் எனக்கும் அதே பிழைப்பு.
சேமித்த படங்கள் பதினோராயிரத்துச் சொச்சம்:
போலந்துச் சுவரொட்டி, ஜப்பான் தீப்பெட்டி,
கியூபாவில் எவனோ வரைந்த ஒற்றைக் கண்.
கட்டைவிரல் தள்ளத் தள்ள
அழகு கொட்டிக்கொண்டே இருக்கும்,
புதுவயல் மில்லில் அரிசி கொட்டுவது போல.
ஒரு மணியை வாயில் போட்டு மென்றதில்லை.
பிடித்தது என்று இதயத்தைத் தட்டுவேன், நகர்வேன்.
ஏன் பிடித்தது என்று ஒருநாள் எழுதப் பார்த்தேன்.
'மஞ்சள்' என்று வந்தது.
அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் போனால்
ஒரே கதவு, ஒரே கோணம்,
படமெடுக்க வரிசையில் நிற்கிறார்கள்.
சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
நானும் அந்த வரிசைதான்,
என் கதவு கொஞ்சம் தூர தேசத்தில்.

குழந்தைவேலுவின் படத்தைப் பெரிதாக்கினேன்.
தங்கச் சட்டம். இரண்டு மயில்.
மேலிருந்து விழும் ரோஜா இதழ்கள்.
மூலையில் காரணமே இல்லாமல் ஒரு சூரியன்.
எவன்டா இவ்வளவு அசிங்கமாய்ச் செய்தது என்று
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பிறகு அந்த ஞ-வைப் பார்த்தேன்.

நான்கு வருடம் முன்பு, ஒரு மழை ராத்திரி.
ஞானசுந்தரி என்று ஒரு குழந்தை.
கடையின் திருட்டு எழுத்துருவில்
ஞ இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம்.
காலை ஆறு மணிக்கு வேன் வந்துவிடும்.
மவுசைப் பிடித்துக் கையால் இழுத்தேன்.
வால் இறங்கும் இடத்தில் கை வழுக்கிச்
சுருண்டுவிட்டது, நாய் வால் மாதிரி.
நிமிர்த்தப் பார்த்தேன். அதுவும் நாய் வால் மாதிரியே.
"எழுத்தையா பாக்கப் போறாய்ங்க, விடு" என்றார்
முதலாளி சோலைமலை.

ஆனால் இந்தப் படத்தில் ஞானசுந்தரி இல்லை.
ஞானேஸ்வரி. ஊர் அறந்தாங்கி.
கீழே வேறு கடையின் போன் நம்பர்.
அங்கே ஒருத்தன் மயில்களை இடம் மாற்றியிருக்கிறான்,
சட்டத்தைத் தடிமனாக்கியிருக்கிறான்,
வாலை மட்டும் தொடவில்லை.
பிடித்து விட்டானா, சோம்பலில் விட்டானா
தெரியாது.
போன் போட்டுக் கேட்கலாம்.
கேட்கவில்லை.

"பண்ணித் தர்றேன்ணே" என்றேன்.
தெய்வானையில் ஞ கிடையாது.
அந்த வாலுக்குச் சொந்தக்காரர்களாகத்
தெ எப்படி வளையும், வா எங்கே நிற்கும்?
பதினோராயிரம் படத்தில் ஒன்றிலும் விடை இல்லை.
மூன்று ராத்திரி.
முப்பத்தெட்டு தெ அழித்தேன்.

ஒரு மயிலை எடுத்துவிட்டுக் காட்டினேன்.
"மயில் ஒண்ணு குறையுதே?"
"எழுத்துக்கு இடம் வேணும்ணே."
"எழுத்து இருக்கட்டும். மயிலப் போடு."
போட்டேன்.
சூரியனை எடுத்தது அவருக்குத் தெரியாது.

விழாவன்று வண்டியை எடுத்துக்கொண்டு
கல்லல் போனேன், மொய் எழுத அல்ல.
சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
தெ நின்றது. வா பரவாயில்லை.
னை மட்டும் தூரத்தில் ணை என்று படித்தது;
தெய்வாணை, தெய்வாணை என்று
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மோசம்.
ஏன் மோசம்?
பெட்ரோல் ரசீதைத் திருப்பி
வண்டி சீட்டில் வைத்து எழுதினேன்:
சுழி முன்னாலேயே சுருள்கிறது,
கண் அதை மூன்றாவது சுழியாக எண்ணுகிறது,
கோட்டின் தடிமன்

இடம் போதவில்லை.